பெரியப்பாவுக்கு எப்படி ஓடர் போடுறது?

டிக்கோயா பக்கம் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பேரும் தோட்டமும் போட வேணாம்னு கேட்டாங்க, போடல. கடுதாசி மூணு பக்கம், அதுல முக்கியமானத மட்டும் இங்க தர்றேன்.

"சேர், எனக்கு 27 வயசு. ஏஎல் எழுதி ரெண்டு பாடம் பாஸ், ஒண்ணு போயிருச்சு. நாலு வருஷம் ஏழு மாசமா எங்க தோட்டத்து இஸ்டோர்ல, தேயிலை செய்ற ஃபெக்டரில, சலிக்கிற பக்கம் வேலை. ரெண்டு மாசத்துக்கு முன்ன, இஸ்டோர பாத்துக்கிற டீமேக்கர் ஐயா இனி நீதான் சுப்பவைசர்னு சொல்லிட்டாரு. எனக்கு கீழ பதினோரு பேர், அதுல என் சொந்தப் பெரியப்பா, ரெண்டு அத்தை, மிச்சம் எல்லாம் லயத்துல பக்கத்து வீட்டு ஆளுங்க. சாமான் ஏத்துற பக்கத்து கதவ சாத்துங்கனு சொன்னா கூட யாரும் கேக்கிறதில்ல. பெரியப்பா, ஒன்ன தோள்ல வச்சு பிள்ளமடுவத்துக்கு (சின்னப் பிள்ளைகள பாத்துக்கிற எடம்) கொண்டு போனவன்டி நான்னு சொல்லி சிரிக்கிறாரு. தேயிலைல ஈரம் ஏறிருச்சுனா ஐயா எல்லார் முன்னாடியும் என்னை ஏசுறாரு. நுவரெலியால ஒரு ஹோட்டல்ல ரூம் வேலை இருக்கு வாடினு கூட்டாளி கூப்பிடுறா. போகவா, இருக்கவா?"

தங்கச்சி, நானும் 14 வருஷம் இஸ்டோர்ல கெடந்தவன்தான், இப்ப கொஞ்ச காலமா தோட்டம், ஹோட்டல், காமன்ட்னு எல்லா எடத்துலயும் சுப்பவைசர் ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கிறேன். போகலாமா இருக்கலாமானு நீங்க கடைசியா கேட்டத மொதல்ல முடிச்சிருவோம். போறதுன்னாலும் இன்னும் அஞ்சு மாசத்துக்கு அசையாதீங்க. ஏன்னா 1983ம் வருஷத்து 12ம் இலக்க பணிக்கொடைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, நாம கிராஜுவிட்டினு சொல்றது, பதினஞ்சு பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்ற எடத்துல அஞ்சு வருஷம் முழுசா முடிச்சாத்தான் அது கெடைக்கும். நாலு வருஷம் பதினோரு மாசத்துல விட்டுட்டு போனா ஒரு சதமும் இல்ல. நாள் சம்பளம்னா முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியா வாங்கின சம்பளத்த வச்சு. ஒரு கணக்குக்கு 2024 வர்த்தமானில தோட்டத்து நாள் சம்பளம்னு வந்த 1350 ரூபாய வச்சுப் பாருங்க, 14 நாளைக்கு 18,900, அஞ்சு வருஷத்துக்கு 94,500. மாசச் சம்பளக்காரங்களுக்கு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம். அதனால உங்களை இப்ப மாசச் சம்பளத்துக்கு மாத்தினாங்களா இல்ல இன்னும் நாள் பேர்லதான் வச்சிருக்காங்களானு தெரிஞ்சுக்கணும், கடுதாசில அத நீங்க எழுதவே இல்ல. ஈபிஎஃப் பத்தி பயப்பட வேணாம், உங்க 8 வீதமும் தோட்டத்து 12 வீதமும் உங்க பேர்லயே கெடக்கும், எடம் மாறினா அது எங்கயும் ஓடாது.

எழுதாம விட்டது இன்னொண்ணும் இருக்கு. "ஐயா சொல்லிட்டாரு"னு எழுதியிருக்கீங்க. சொன்னாரு சரி, கடிதம் குடுத்தாரா? குடுக்கலன்னா நீங்க இன்னும் சுப்பவைசர் இல்ல தங்கச்சி, சுப்பவைசர் வேலை பாக்கிற சலிக்கிற ஆள், அவ்வளவுதான். நாளைக்கு வேற டீமேக்கர் வந்தா பழையபடி சல்லடைக்கு போனு சொல்லிருவாரு, காட்ட உங்க கையில ஒண்ணும் இருக்காது. ஆபிசுக்கு போயி, இந்தத் திகதில இருந்து இந்த வேலை, இந்தச் சம்பளம்னு ஒரு கடிதம் வேணும்னு மரியாதையா எழுதிக் குடுங்க. வாயால கேக்காதீங்க, எழுதிக் குடுங்க, குடுத்ததோட கொப்பி ஒண்ணு வீட்ல இருக்கட்டும்.

சரி, இப்ப அந்த கதவுக்கு வருவோம், நான் மூணு தடவ படிச்சது அந்த எடத்தைத்தான். கதவ சாத்துங்கனு எத்தனை வாட்டி சொன்னீங்க, யாரு சிரிச்சாங்க, யாரு திரும்பிக் கூட பாக்கலனு எல்லாம் விவரமா இருக்கு. அவங்க ஏன் தொறக்கிறாங்கனு ஒரு வரி இல்ல. கேட்டுப் பாத்தீங்களா?

எனக்கு தெரிஞ்ச சலிக்கிற ரூம் எல்லாத்துலயும் ஒரே கததான். ட்ரையர்ல இருந்து வர்ற தேயிலைல ஈரம் ஏறத்தாழ மூணு வீதந்தான், மொறுமொறுனு இருக்கும், அத சலிச்சு, ஊதி, குச்சியும் நாரும் எடுக்கிறப்ப பஞ்சு மாதிரி தூசு பறக்கும், மூக்கு, தொண்டை, கண்ணிமை எல்லாம் பழுப்பாயிரும், ராத்திரி படுத்தா இருமல். ஒரு ஃபேன் வேலை செய்யாட்டி போதும், பத்து நிமிஷத்துல மூச்சு முட்டும். அதுக்குத்தான் அந்த கதவு. அந்தப் பக்கம் டிக்கோயா மூடுபனி, உள்ள காஞ்ச தேயிலை, காஞ்ச தேயிலை பஞ்சு மாதிரி ஈரத்த குடிச்சிரும், பெட்டிக்கு போறப்ப ஈரம் கூடியிருக்கும், கொழும்பு ஏலத்துல வெலை கொறையும், ஏச்சு உங்களுக்கு. பெரியப்பா உங்களை எதுக்கல, அவரு மூச்சு விடுறதுக்கு வழி பாக்கிறாரு, அதை சொல்ல தெரியாம பிள்ளமடுவத்து கதைய எடுக்கிறாரு. (சில பெரியப்பாமாருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும், அதையும் நான் மறைக்கல.)

இப்படி செஞ்சு பாருங்க. காலைல வேலை தொடங்க முன்னாடி, இஸ்டோர் உள்ள இல்ல, வெளில, அவரு வெத்தல போடுற எடத்துல போயி, "பெரியப்பா, கதவ சாத்தினா உள்ள எப்படி இருக்கு ஒங்களுக்கு?"னு கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்குங்க, அதுதான் கஷ்டம். அவரு சொல்றத ஒரு கொப்பில எழுதுங்க, அவரு பாக்கவே எழுதுங்க. ஃபேன் ஓடலயா, எத்தனை நாளா ஓடல, மாஸ்க் கடைசியா எப்ப குடுத்தாங்க, எல்லாம்.

அடுத்தது ஹைக்ரோமீட்டர், காத்துல ஈரம் எவ்வளவுனு காட்டுறது. உங்க இஸ்டோர்ல ஒண்ணாவது இருக்கும், பலகைல ரெண்டு வெப்பமானி பக்கம் பக்கமா, ஒண்ணு சும்மா, மத்ததுக்கு அடியில துணி சுத்தி தண்ணில நனைஞ்சிட்டு இருக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொறைய கொறைய காத்துல ஈரம் கூடனு அர்த்தம், ரெண்டும் ஒரே அளவுக்கு வந்துட்டா வெளில மூடுபனிதான். கொழுந்து வாட்டுற எடத்துலயும் அத முறுக்குற ரோல் பக்கமும் இத பாக்கிறாங்க, சலிக்கிற பக்கம் யாரும் திரும்பிப் பாக்கிறது கொறைவு. ஐயாகிட்ட கேட்டு ஒண்ண அந்த கதவு பக்கத்து தூண்ல தொங்க விடுங்க, துணிய தண்ணில நனைய வைக்க மறந்துறாதீங்க, காஞ்சு போனா ரெண்டும் ஒரே மாதிரி காட்டி ஆள ஏமாத்தும். மணிக்கு ஒருக்கா பாத்து எழுதுற வேலைய பெரியப்பாகிட்ட குடுங்க. ஆமா, அவருகிட்டதான். நேரம், ரெண்டு அளவு, கதவு தொறந்திருந்துச்சா சாத்தியிருந்துச்சா, அவ்வளவுதான். அவருக்கு எழுத்து வராட்டி அவரு வாசிக்க நீங்க எழுதுங்க. ரெண்டு கெழமைல அந்த கொப்பிய வச்சு பாத்தா எந்த நேரம் கதவ தொறக்கலாம், எந்த நேரம் கட்டாயம் சாத்தணும்னு தெரிஞ்சிரும், நீங்க சொல்ல வேண்டியதே இருக்காது, தொறக்கப் போற ஆள பெரியப்பாவே மறிப்பாரு.

அந்த கொப்பிய வச்சுத்தான் ஐயாகிட்டயும் பேசணும். "ஆளுங்க கேக்கிறாங்க இல்ல ஐயா"னு போனா ஏச்சுதான் கெடைக்கும். "இந்த நாலு நாள் ஃபேன் ஓடல, கதவு தொறந்துச்சு, அந்த நாலு நாளும் ஈரம் கூடியிருக்கு, ஃபேன சரி பண்ணினா கதவ சாத்தி வைக்கலாம்"னு பக்கத்த தொறந்து வச்சா அவரு அத தூக்கிட்டு தோட்டத்து மனேஜர், பெரிய தொரைகிட்ட போகலாம், அவருக்கும் மேல ஏசுறவங்க இருக்காங்க தங்கச்சி. தோட்டத்துல நாம பாத்து வளந்த சுப்பவைசர் எல்லாம் மேல இருந்து வர்ற ஏச்ச கீழ எறக்குற ஆளுங்க. கீழ இருக்கிற சங்கதிய மேல ஏத்துற ஆளு கொறைவு, அதனாலதான் அந்த ஆளுக்கு மதிப்பு.

எனக்கு இது புத்தி வந்த கதைய சொல்றேன், கேட்டா சிரிப்பீங்க. 26 வயசுல உதவி டீமேக்கரா போட்டாங்க, எந்த தோட்டம்னு வேணாம். ரோலர்ல ஒரு தாத்தா, முப்பது வருஷ அனுபவம், எங்க அப்பாயி வழில சொந்தமும் கூட. அன்னைக்கு நாள் பூரா மழை, கொழுந்து சரியா வாடல, நான் அத பாக்கல, பாத்தாலும் அப்ப வெளங்கியிருக்காது. தூள் கொறைவா விழுதேனு பதட்டத்துல எல்லார் முன்னாடியும் "இறுக்குங்க, இன்னும் இறுக்குங்க, என்ன பாத்துட்டு நிக்கிறீங்க"னு கத்தினேன். தாத்தா என்னை ஒரு தடவ பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, மூடிய இறுக்கினாரு, நான் சொன்ன அளவுக்கு, ஒரு சுத்து கூடவும் இல்ல கொறையவும் இல்ல. கொஞ்ச நேரத்துல ரோலர் அடில பச்சை சாறு ஒழுகுது. வாடாத கொழுந்த அமுக்கினா சாறுதான் வெளில வரும், தேயிலைல இருக்க வேண்டியதெல்லாம் தரைல. ரோலர்ல போட்ட அந்த சார்ஜ் கொழுந்து பூரா நாசம். பெரிய தொரை வந்து கேட்டப்ப தாத்தா சொன்னது ரெண்டே சொல்லு, "சொன்னாரு, செஞ்சேன்." அன்னைக்கு சாயங்காலம் பீலில, தண்ணி பிடிக்கிற எடத்துல, கை கழுவிட்டு இருந்தவருகிட்ட போயி நின்னேன். அவரா ஒண்ணும் கேக்கல. "கொழுந்த கையில அள்ளி இறுக்கிப் புடிச்சு விடு, வாடியிருந்தா உருண்டையாவே நிக்கும், வாடாட்டி விரிஞ்சிரும், நாளைக்கு வா காட்றேன்"னு மட்டும் சொன்னாரு. மறுநாள்ல இருந்து ரோலர் தொடங்க முன்னாடி ஒரு பிடி அள்ளி அவருகிட்ட நீட்டுவேன், அவரு தலைய ஆட்டினாத்தான் ஸ்விட்ச்.

கொப்பினு சொன்னதும் உங்க ஆளுங்க மொதல்ல பயப்படுவாங்க, அதையும் சொல்லணும். நம்ம சனத்துக்கு தாளும் பேனாவும் நல்ல ஞாபகம் இல்ல. அந்தக் காலத்துல கங்காணிக்கு இவ்வளவு கடன்னு எழுதின துண்டு, அதை கட்டி முடிக்காம ஒரு தோட்டம் விட்டு இன்னொரு தோட்டம் போக முடியாது, 1921ல சட்டம் போட்டுத்தான் ஒழிச்சாங்க. அப்புறம் செக்ரோல்னு பேர் போடுற பதிவு, கொழுந்து எடை கொறைஞ்சா அரைப்பேர், அரை நாள் சம்பளந்தான். கணக்கப்பிள்ளை கையில பென்சில் வந்தாலே நம்ம கூலில ஏதோ கொறையப் போகுதுனுதான் அர்த்தம். அதனால நீங்க எழுதுற கொப்பில யாரு பேரும் வரக் கூடாது. யாரு லேட், யாரு கதவ தொறந்தா, யாரு கத பேசினா, ஒண்ணும் வேணாம். நேரம், அளவு, மிஷின், கதவு. அத எல்லாரும் பாக்கிற எடத்துல தொங்க விடுங்க, ஒளிச்சு வச்சீங்கனா முடிஞ்சுது.

அத்தைமார் விஷயம் வேற. அவங்ககிட்ட கொப்பி வேலைக்கு ஆகாது, மனசுதான். மகளுக்கு சுகமில்ல, பிள்ளைய ஸ்கூல் விட்டு கூட்டணும்னு அவங்களுக்கு எப்ப கஷ்டம்னு தெரிஞ்சு மாத்தி விடுங்க, ஆனா ஒருத்தருக்கு செஞ்சத மத்தவங்களுக்கும் செய்யணும், சொந்தக்காரிக்கு மட்டும் செஞ்சா ஒரே கெழமைல லயம் பூரா தெரிஞ்சிரும். இஸ்டோர்ல சுப்பவைசர், பீலில பெரியப்பா மக, ரெண்டையும் கலக்காதீங்க. பீலில வேலைய பத்தி பேச வேணாம்.

இனி உங்க எதிர்காலம். ஏஎல்ல ஒரு பாடம் போயிருச்சுனு எழுதினதுல ஒரு வெக்கம் தெரிஞ்சுது, அத விடுங்க. ஓஎல் ஏஎல் ஒரு ஏணினா பக்கத்துலயே இன்னொரு ஏணி நிக்குது, என்விகியூ, தேசிய தொழில் தகைமை, மொத்தம் 7 படி. நாலு வரைக்கும் சர்ட்டிபிகேட், அஞ்சு டிப்ளோமா, ஆறு உயர் டிப்ளோமா, ஏழு டிகிரி. டிகிரி வரைக்கும் போகணும்னு ஆச வந்தா இரத்மலானைல தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமே இருக்கு, யுனிவொடெக்னு சொல்றது, 2008 சட்டத்துல வந்தது, இந்த ஏணில ஏறி வர்றவங்களுக்குனே.

இதுல உங்களை மாதிரி ஆளுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, ஆர்பிஎல்னு பேரு, முன்ன கத்துக்கிட்டத அங்கீகரிக்கிறது. க்ளாசுக்கு போகாமலே வேலை செஞ்சு பழகினவங்க விண்ணப்பம் போடலாம், மதிப்பிடுறவர் வந்து கேள்வி கேப்பாரு, வேலைய செஞ்சு காட்ட சொல்லுவாரு, அந்த தொழிலுக்கு எழுதி வச்சிருக்கிற தேசிய தரத்துக்கு பொருந்தினா சர்ட்டிபிகேட். நைட்டானு சொல்ற, தொழில் பயிற்சி குடுக்கிற அரசாங்க சபையோட மாவட்ட ஆபிசுல கேளுங்க, உங்க வேலைக்கு எந்த தொழில் பேரு, எந்த லெவல் பொருந்தும்னு அவங்க சொல்லுவாங்க. ஆனா வாயால "எனக்கு தெரியும் சேர்"னு சொன்னா போதாது, ஆதாரம் கேப்பாங்க. சேவைக் கடிதம், வேலை செய்ற போட்டோ, நீங்க கையாள எழுதின பதிவுகள். ஆமா, அதே கொப்பிதான். ஆறு மாசம் நாள் தவறாம எழுதின கொப்பி ஒண்ண மேசை மேல வச்சா அத புரட்டிப் பாக்காத மதிப்பீட்டாளர நான் கண்டதில்ல. நம்ம சனம் நூத்தம்பது வருஷமா இந்த வேலைய செய்யுது, கையில இருக்கு, தாள்ல இல்ல. கொழுந்த கையில அள்ளி பாத்து சொன்ன அந்த தாத்தா கடைசி வரைக்கும் தாள்ல வெறும் லேபர்தான்.

ஹோட்டல் பத்தி. வேணாம்னு சொல்ல மாட்டேன். பில்லுல போடுற 10 வீத சேவைக் கட்டணத்துல பங்கு வரும், ஏப்ரல் சீசன்ல நல்லா வரும், மழை மாசத்துல அப்படி வராது, கூட்டாளி ஏப்ரல் கணக்கத்தான் உங்களுக்கு சொல்லியிருப்பா. மூணு நாலு மாசக் கணக்கு கேளுங்க, அடிப்படைச் சம்பளம் எவ்வளவுனு தனியா கேளுங்க, ஈபிஎஃப் அடிப்படைல கட்டுறாங்களானு கேளுங்க, தங்குற எடத்த போய் கண்ணால பாருங்க. இருந்தும் எனக்கு ஒரு மனக்கொறை, நாலரை வருஷம் தேயிலை படிச்ச புள்ள அதை மூட்டை கட்டி வச்சிட்டு பெட்ஷீட் மாத்தப் போகுதேனு. கந்தப்பளைல ஹெதர்செட் தோட்டத்து பழைய இஸ்டோரையே ஹோட்டலாக்கி 1996ல தொறந்தாங்க, வெள்ளைக்காரங்க ரோலரையும் ட்ரையரையும் பாக்கிறதுக்குனே காசு குடுத்து மலையேறி வர்றாங்க. பிஓபி, பிஓபிஎஃப்னு ரெண்டு தேயிலை ரகத்துக்கும் என்ன வித்தியாசம், எந்த சல்லடைல எது விழும், குச்சி ஏன் தனியா வருதுனு கண்ண மூடிட்டு சொல்லத் தெரிஞ்ச ஆளு நீங்க. உங்களுக்கு இல்லாதது இங்கிலீசும் சிங்களமும் மட்டுந்தான், அத ஒரு வருஷத்துல பேச்சளவுக்காவது கொண்டு வரலாம். ஹோட்டல்னு முடிவானா நேரா ரூமுக்கு போகாதீங்க, சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்துக்கு பண்டாரவளைலயும் கண்டிலயும் பள்ளிக்கூடம் இருக்கு, அங்க என்ன கோர்ஸ், எவ்வளவு காசு, எப்ப எடுக்கிறாங்கனு விசாரிச்சிட்டு, கையில ஒரு சர்ட்டிபிகேட்டோட போங்க. ரூம்லயே வாழ்க்கைய முடிச்சவங்களையும் தெரியும், அதுல இருந்து ஹவுஸ்கீப்பிங் சுப்பவைசர் ஆனவங்களையும் தெரியும், ரெண்டாவது கூட்டத்துல இருந்தவங்க பெரும்பாலும் வர்றப்பவே தாளோட வந்தவங்க.

இஸ்டோர்லயே மேல போகணும்னாலும் வழி இருக்கு. அத்துருகிரியல தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் 1979 சட்டத்துல வந்தது, தோட்டத்து ஊழியர்களுக்கு கோர்ஸ் வைக்கிறாங்க. உங்களுக்கு பக்கத்துலயே தலவாக்கலை சென் கூம்ஸ்ல தேயிலை ஆராய்ச்சி நிலையம். பொம்பள டீமேக்கரானு சிரிக்கிறவங்க இருப்பாங்க, சிரிக்கட்டும். ஒண்ணு மட்டும், டீமேக்கர் வழில போனா ராத்திரி ரோலிங் பழகணும்னு கூப்பிடுவாங்க. உங்க சம்மதம் இல்லாம ராத்திரி வேலைக்கு பொம்பளைங்கள கட்டாயப்படுத்த சட்டம் விடாது, சம்மதிச்சாலும் துணைக்கு யாரு, லயத்துக்கு வர்ற வழில லைட் இருக்கா, போக வர வாகனம் உண்டானு கேட்டு எழுதி வாங்கிட்டுத்தான்.

இந்த கெழமை செய்ய வேண்டியது ரெண்டுதான். ஆபிசுக்கு அந்த நியமனக் கடிதம் கேட்டு எழுதுறது ஒண்ணு, 120 பக்க சிஆர் கொப்பி ஒண்ணு வாங்கி கோடு போடுறது இன்னொண்ணு. ஹட்டன் டவுனுக்கு போறப்ப பெரியப்பாவுக்கு ஒரு பேனா சேத்து வாங்குங்க, அவருக்குனு தனியா, சட்டைப் பைல குத்துற மாதிரி மூடி உள்ளது. ஃபேன் ஓட தொடங்கிச்சானு அடுத்த மாசம் எழுதுங்க.